மாப்பிள்ளைகள் ஏறி அமர்ந்த கூரை

ஐயா, அம்மையீர்,

வணக்கம். புதுச்சேரியில், சாரம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. சிவப்பு நிறம், தரையோடு தாழ்ந்த உடல், இரண்டே இருக்கைகள், மேலே திறந்தது. காலையில் நான் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். என் வாழ்நாளின் பெரும்பகுதியை நான் கழித்த பிரான்ஸ் தேசத்தில் இப்படியொரு காரைக் கண்டால், எந்த ஆண்டில் செய்தது, என்ன வேகம் போகும் என்று கேட்பார்கள். இங்கே அவ்வாறு கேட்டவர் ஒருவரும் இலர். பால் கொண்டுவருபவர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மாப்ள எங்கங்க?"

திறந்த கார் என்றால் நம் ஊருக்கு மாப்பிள்ளை அழைப்புதான். கோயிலிலிருந்து மண்டபம் வரை முன்னால் பேண்டு வாத்தியம், இருபுறமும் விளக்குகள், நடுவில் கோட்டும் மாலையுமாக ஓர் இளைஞன். தேர்தல் வந்தால் அதில் ஓட்டுக் கேட்பவர்கள் நிற்பார்கள். வயதான பெண்மணி ஒருத்தி தானே ஓட்டிக்கொண்டு காற்று வாங்கிவருவதற்காக ஒரு திறந்த கார் வாங்கப்பட்டிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது. இந்தக் கார் அதற்காகத்தான் வாங்கப்பட்டது. அது எவ்வாறு மாப்பிள்ளை வண்டியாயிற்று, அதனால் என் குடும்பத்தில் என்ன நேர்ந்தது என்பதை, ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் பிரான்சில் இருக்கும் நம்மவர்களுக்கும் எழுதிவைக்க விரும்புகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் புதுச்சேரிக்குத் திரும்பினேன். என் மனைவி ரொசாலி திரும்பவில்லை. எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. அவள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு வருவாள். பொங்கல் முடிவதற்குள் புறப்பட்டுவிடுவாள். நான் கோடையில் அங்கே போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவேன். இப்படியே நடந்தால் இருவரில் ஒருவர் தனியாக இறக்க நேரும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் இங்கேயே வந்து தங்கவேண்டும் என்பது ஒன்றே என் விருப்பம். ஒவ்வொரு முறை நான் கேட்டபோதும் அவள் சொன்ன பதில் மாறவில்லை. "அங்க எனக்குக் கையும் காலும் இருக்குதுங்க. இங்க வந்தா யாராவது என்னத் தூக்கிட்டுப் போவணும்."

அவள் சொன்னது மிகையன்று. பாரீசின் வடக்குப் புறநகரில் நாங்கள் வாழ்ந்தபோது அவள் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். விடியுமுன் பேருந்துக்காகக் குளிரில் நிற்பது பொறுக்காமல், ஐம்பது வயதுக்குமேல் பெர்மி என்னும் ஓட்டுநர் உரிமம் எடுக்கக் கிளம்பினாள். பலமுறை தோற்றாள். வாங்கிய பிறகு, எங்கள் குடியிருப்பின் தமிழ்ப் பெண்களையெல்லாம் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அவள்தான் ஏற்றிச் சென்றாள். நானோ ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். ஆனால் கார் ஓட்டத் தெரியாது. கதவின் விளிம்பில் மழைநீர் புகாதபடி ரப்பர்ப் பட்டை பொருத்துவது என் வேலை. எஞ்சின்கள் வேறொரு கட்டடத்திலிருந்து வந்தன. ஓய்வு பெறும் வரை எஞ்சினின் உட்புறத்தை நான் கண்டதில்லை. குடும்பமாக எங்கே போனாலும் ரொசாலி ஓட்டுவாள். நான் பக்கத்தில் அமர்ந்து தேசப்படத்தை மடியில் விரித்து வைத்திருப்பேன்.

ஒரு கோடையில் வடக்கே கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். கடலைப் பார்த்து ஒரு சிவப்புத் திறந்த கார் நின்றிருந்தது. ரொசாலி அதன் அருகே போய், தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தாள். காரின் சொந்தக்காரர், வயதான வெள்ளைக்காரர், விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தார். ஏதோ சொல்லிக் கதவைத் திறந்து கையை வீசினார். திட்டுகிறார் என்று எண்ணி, "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருவரும் நடந்துவிட்டோம். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் காருக்கு வந்து சேர்ந்தபின், உடன் வந்திருந்த எங்கள் மகள் தாயைப் பார்த்துச் சிரித்தாள். "அவரு ஒன்ன ஒக்காந்து பாக்கச் சொன்னாரு மமா. நீங்க ரெண்டு பேரும் திருடன் மாதிரி ஓடியாந்துட்டீங்க." வீடு வந்து காரை நிறுத்தும்போது ரொசாலி, "ஒக்காந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகையால், கடலோரத் தெருவில் விருந்தினர் விடுதி நடத்திவந்த ஒருவர் தம்முடைய பழைய திறந்த காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டபோது நான் யோசிக்கவில்லை. இந்தியாவின் மேற்குக் கடற்கரையில் கொஞ்சகாலம் செய்து நிறுத்திவிட்ட வகை அது. உடல் ஃபைபர், எஞ்சின் பிரெஞ்சு எஞ்சின். உப்புக்காற்றில் நின்று நின்று அடிச்சட்டம் துருவேறியிருந்தது. எஞ்சின் சூடேறி நின்றது. கூரைத்துணி மட்டும் நன்றாக இருந்தது. மடித்தால் மடிந்தது, இழுத்தால் மூடிக்கொண்டது. அந்தக் கூரையைத்தான் நான் திரும்பத் திரும்ப மூடியும் திறந்தும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பகுதி அதுதான். ரப்பர் விளிம்புகள் சரியாகப் பொருந்தின. வாங்கிவிட்டேன்.

உழவர்கரையில் குமார் என்பவருடைய பட்டறையில் அதை விட்டேன். குமாருக்கு நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர்; ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் 'முசியே' என்றே என்னை அழைப்பார். பிரான்சிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே ராணுவத்தில் இருந்தவர்கள் என்பது அவருடைய எண்ணம். இல்லை, நான் கார்த் தொழிற்சாலையில் இருந்தவன் என்று விளக்கினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அப்பறம் என்னா முசியே! நீங்க செஞ்ச எஞ்சினு தான இது? நீங்களே சொல்லுங்க, எதத் தொறக்கறது?"

"நான் எஞ்சினைத் தொட்டதில்லை குமார். கதவு ரப்பர்."

"தன்னடக்கம் பாரேன்!" என்று பட்டறையிலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவரு நம்மளுக்குப் பரிச்ச வெக்கறாரு."

பரீட்சையில் குமார் பலமுறை தோற்றார். தண்ணீர் கசிகிறது என்று ஒன்றை மாற்றினால் வேறொன்று கசிந்தது. எஞ்சின் சூட்டைப் பார்த்துத் தானே சுழலவேண்டிய விசிறி சுழலாததால், அதற்குரிய உறுப்பை வெட்டி எறிந்துவிட்டு, "டைரக்ட் குடுத்துட்டேன் முசியே, இனிமே எப்பவும் சுத்தும்" என்றார். தொழிற்சாலையில் ஒரு பட்டை ஒரு நூலளவு விலகினால் முழு வரிசையையும் நிறுத்துவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நான் 'டைரக்ட்' என்றால் என்ன என்று இருமுறை கேட்டேன். உள்ளூரில் கிடைக்காத உறுப்புகளை அடுத்த கோடைப் பயணத்தில் நானே பெட்டியில் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்த உறவினர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் பம்பையும் ரப்பர் பெல்ட்டையும் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் தங்கை மட்டும் மரியாதையாக, "இது வீட்டுக்குள்ள வெக்கறதா அண்ணே?" என்று கேட்டாள்.

கடைசியில் கார் ஓடிற்று. குமார் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து சாரத்தை ஒரு சுற்று வந்தேன். ஒரு படம் எடுத்து ரொசாலிக்கு அனுப்பினேன். அவள் உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"யாரு வண்டிங்க அது?"

"உன்னுடையது."

"நெசமாவா? நானே ஓட்டலாமா?" என்றாள். பிறகு, "கூரை மூடுமா? எனக்கு நனஞ்சா ஆவாது" என்றாள். மூடும் என்று சொன்னேன். அப்போது அது மூடிற்று. கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஓராண்டு முழுவதும் தங்கிப் பார்ப்பதாகவும், தானாக வெளியே போய்வர முடிந்தால் அங்கேயுள்ள வீட்டைக் காலி செய்துவிடுவதாகவும் சொன்னாள். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கும் விண்ணப்பித்தாள்.

அந்த வாரமே கன்னியப்பன் வந்தார். எங்கள் தெருமுனையில் அரிசிக்கடை வைத்திருப்பவர். பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயக் குடும்பம். நான் திரும்பி வந்த இத்தனை காலத்தில் அவர் என் வீட்டுப் படியை மிதித்ததில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவே. இந்தத் தெருவில் நான் 'பிரான்ஸ்காரர்'. விசாவைப் பற்றிக் கேட்பவர்கள் வருவார்கள். வேறு எதற்கும் யாரும் வரமாட்டார்கள்.

"ஐயா, பையனுக்குக் கல்யாணம். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. மாப்ள அழைப்புக்கு ஒங்க வண்டி ஒரே ஒரு மணி நேரம். எங்க ஜனத்துல இந்த மாதிரி வண்டியில யாரும் வந்ததில்ல."

"அது என் மனைவிக்காக வாங்கியது" என்றேன்.

"அம்மா வர்றதுக்கு இன்னும் நாளு கெடக்குதே. அவங்க வண்டிக்கு மொத மொதல்ல ஒரு நல்ல காரியம் நடக்கட்டுமே."

மறுக்க முடியவில்லை. மறுக்க மனமில்லை என்பதே சரி. குமார் ஓட்டினார். காருக்குள் அமர்ந்தால் மாப்பிள்ளை யார் கண்ணுக்கும் தெரியமாட்டார் என்று, மடித்த கூரையின்மேல் ஒரு பட்டுத்துணியை விரித்து, மாப்பிள்ளையை அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள். அவர் கால்களை இருக்கையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் தோழன் ஒருவன் ஏறினான். மடியில் ஒரு சிறுமி. ஊர்வலம் நடைவேகத்தில் நகர்ந்தது. நெடுஞ்சாலைக் காற்றுக்கென்று செய்யப்பட்ட எஞ்சின், விசிறி சுழன்றும், வாத்தியக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் கொதித்து, பாதி வழியில் நின்றது. ஒருவருக்கும் வருத்தமில்லை. பத்துப் பேர் விசிலடித்துக்கொண்டு தள்ளினார்கள். "தள்ளுடா, மாமனார் வீடு வந்துரும்!" என்று யாரோ கத்த, மாப்பிள்ளையே சிரித்தார். மண்டபத்தில் கன்னியப்பன் என் கையைப் பிடித்து அழைத்துச் சென்று முதல் வரிசையில் அமர்த்தினார். தாம்பூலத் தட்டை முதலில் என்னிடம் நீட்டினார். தம் உறவினர்களிடம், "நம்ம தெரு பெரியவரு" என்று அறிமுகம் செய்தார். அந்நிய தேசத்தின் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனையோ ஆண்டுகள் மேசையின் ஓரத்தில் அமர்ந்து உண்டவன் நான். 'நம்ம தெரு' என்ற சொல் என்னை என்ன செய்தது என்பதை அங்கே இருக்கும் நம்மவர்கள் அறிவார்கள்.

அதன்பின் மாப்பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்துக் குடும்பங்கள் வந்தன. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களும், பூசை முடிந்து மணமக்களை அழைத்துச் செல்லக் கேட்டன. வாடகை தருவதாகச் சொன்னவர்களிடம் நான் வாங்கவில்லை. கேட்டு வந்ததே எனக்குப் போதுமாயிருந்தது. ஒவ்வொரு மாப்பிள்ளையும் மடித்த கூரையின்மேல்தான் அமர்ந்தார். ஒருநாள் குமார் கூரையை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பி வளஞ்சிருக்கு முசியே. மாப்ளங்கல்லாம் நல்லா சாப்புட்டு வளந்த பசங்க."

"உடனே நிமிர்த்திவிடுங்கள்."

"நிமித்தறேன். மறுபடி அடுத்த வாரம் ஒருத்தன் ஏறுவான். மார்கழியில கல்யாணம் கெடயாது. அப்ப ஒரே வாட்டியா கழட்டி நிமித்திடலாம். அம்மா கிறிஸ்மசுக்குத்தான வர்றாங்க?"

நியாயமாகவே பட்டது. முகூர்த்தங்களைக் கொண்டு நாங்கள் கணக்கிட்டோம். மழையைக் கொண்டு கணக்கிடவில்லை. இவ்வூரில் பிறந்த இருவர், ஐப்பசி கார்த்திகையில் வானம் என்ன செய்யும் என்பதை மறந்து, மழைக்கு வேண்டிய கூரையை மழை ஓய்ந்தபின் பழுதுபார்க்க முடிவு செய்தோம்.

ரொசாலி கார்த்திகையிலேயே வந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் வரை பொறுக்கமுடியவில்லை என்றாள். பெட்டியில் கறுப்புக் கண்ணாடியும், தலையில் கட்டிக்கொள்ள ஒரு பூப்போட்ட பட்டுத் துணியும் கொண்டுவந்திருந்தாள். வந்த மறுநாள் காலையில் காபிகூடக் குடிக்காமல் காரைச் சுற்றிவந்தாள். பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து அமர்ந்து, ஸ்டியரிங்கைத் தேடி, தன்னைப் பார்த்தே சிரித்தாள். இருக்கையின் இடுக்கிலிருந்து ஒரு வாடிய ரோஜா இதழை எடுத்து என்னிடம் காட்டினாள். "இது என்னாங்க?" கல்யாணம் ஒன்றுக்குக் கொடுத்தேன் என்றேன். ஒன்று என்றுதான் சொன்னேன். அவள் அதை வெளியே ஊதிவிட்டாள்.

வானம் தெளிவாக இருந்தது. வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய்வரலாம் என்று முடிவு செய்தோம். அவள் ஓட்டினாள். முதலில் மெதுவாகவும், ஊரின் நெரிசல் குறைந்தபின் சற்று வேகமாகவும் ஓட்டினாள். பட்டுத் துணியின் முனை காற்றில் படபடத்தது. எனக்கு மடியில் விரிக்கத் தேசப்படம் தேவைப்படவில்லை. "இங்க இருந்துடலாம் போல இருக்குதுங்க" என்று அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். என் காதால் அதைக் கேட்டேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையின் எதிரே நிறுத்தி, நாங்கள் இருவரும் இறங்கிக் கூரையை இழுத்தோம். பாதிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. வளைந்த கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று சிக்கிக்கொண்டன. அவள் ஒருபுறமும் நான் ஒருபுறமுமாக முழு பலத்துடன் இழுத்தோம். துணி கிழிந்தது. டீக்கடைத் தகரக் கூரையின்கீழ் ஒதுங்கியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, மாப்ள எங்க?" என்று ஒருவன் கூவினான்.

"டேய், அவருதாண்டா மாப்ள. பொண்ண இட்டுனு வந்துட்டாரு பாரு!"

"இது நம்ம கன்னியப்பன் வீட்டுக்கு வந்த வண்டியில்ல? எங்க மச்சான் கல்யாணத்துக்கும் இதான் வந்துச்சு. அவன் மேல ஏறி டான்சே ஆடினான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் பகை ஏதும் இல்லை. வந்து டீ குடிக்கும்படி அன்போடுதான் அழைத்தார்கள். ரொசாலி அவர்களைப் பார்த்தாள். பிறகு கூரையின் கம்பிகளைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தன கல்யாணம்?"

நான் கிழிந்த துணியை மடிக்கத் தொடங்கினேன். அவள் ஏறி அமர்ந்து வண்டியைக் கிளப்பினாள். நெல்லித்தோப்புக்கு வருவதற்குள் சாலையில் முழங்காலளவு தண்ணீர். எப்போதும் சுழலும்படி 'டைரக்ட்' கொடுக்கப்பட்ட விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் முழுவதும் இறைத்தது. வண்டி நின்றது. கடைகளிலிருந்து இளைஞர்கள் ஓடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள். "ஆயா, நீங்க எறங்காதீங்க, ஸ்டேரிங்க மட்டும் புடிங்க!" என்று சொல்லித் தள்ளினார்கள். பழக்க தோஷத்தால் அவர்களில் ஒருவன் விசிலடித்தான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தலையில் ஒட்டிய பட்டுத் துணியோடு, வடியும் மழையில், இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, யாரோ தூக்கிக்கொண்டு போக, என் மனைவி வீடு வந்து சேர்ந்தாள்.

சில நாள் காய்ச்சலில் கிடந்தாள். தெருவிலிருந்து பலர் பார்க்க வந்தார்கள். கன்னியப்பன் மனைவி கஞ்சி கொண்டுவந்தார். ரொசாலி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். எழுந்து நடமாடத் தொடங்கிய காலையில், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே வந்து அமர்ந்தாள்.

"ஒரு தடவையாவது எனக்கு போன் பண்ணி, குடுக்கட்டுமான்னு கேக்கத் தோணலியா?"

"வீடு தேடி வந்து கேட்டார்கள், ரொசாலி."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுக்கச் சொல்லியிருப்பேங்க." குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். "அவங்க வந்து கேட்டதுல ஒங்களுக்கு எல்லாம் கெடச்சிடுச்சு. இதுக்குத்தான் நீங்க திரும்பி வந்தீங்க. எனக்குத் தெரியும். நான் கோவமா சொல்லல."

பிறகு வேறொன்று சொன்னாள். அங்கே கல்லறைக்கு இடம் வாங்குவதைக் கோன்செசியோன் என்பார்கள். மகள் அப்படியோர் இடம் பார்த்து வைத்திருந்தாளாம். வேண்டாம், நான் ஊருக்கே போய்விடப் போகிறேன் என்று மறுத்துவிட்டுத்தான் இம்முறை விமானம் ஏறினாளாம். "இப்ப வாங்கச் சொல்லிட்டேன்" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே புறப்பட்டுப் போனாள். விமான நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, மாத்திரைகளை மறக்கவேண்டாம் என்று சொன்னாள்.

மார்கழியில், சொன்ன சொல் தவறாமல், குமார் கம்பிகளை நிமிர்த்திப் புதுத் துணியும் போட்டார். கூரை ஒரு துளி நீரும் புகாமல் மூடிற்று. நான் அதை ரொசாலிக்குத் தெரிவித்தேன். "நல்லதுங்க" என்றாள். தை பிறந்ததும் மாப்பிள்ளைகள் வந்தார்கள். மறுத்தால் எனக்கு மிஞ்சியிருப்பதும் போய்விடும். கூரையைக் கழற்றி மாடியறையில் வைத்துவிட்டுக் காரை மட்டும் கொடுக்கிறேன். இப்போது மழை வந்தால் மாப்பிள்ளைகள் நனைகிறார்கள்.

சென்ற மாதம் மகள் ஒரு படம் அனுப்பினாள். சாம்பல் நிறக் கல். அதில் ரொசாலியின் பெயரும், பக்கத்தில் என் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த ஆண்டுக்குப்பின் ஒரு கோடு, அதற்குப்பின் வெற்றிடம். இருவருக்கும் இடம் உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை என்று அம்மா சொல்லச் சொன்னதாக எழுதியிருந்தாள். இங்கே எங்கள் குடும்பக் கல்லறையைப் புதுப்பித்தபோது, என் தகப்பனாரின் பெயருக்குக் கீழே எங்கள் இருவர் பெயரையும் நான் பொறிக்கச் செய்திருந்தேன். அங்கே பிரெஞ்சு எழுத்திலும் இங்கே தமிழ் எழுத்திலுமாக, ஒரே கணவனும் மனைவியும் இரண்டு கற்களின்மேல் அருகருகே இருக்கிறோம். நாங்கள் போனபின் அந்தக் கல்லில் என் பெயருக்குக் கீழேயும், இந்தக் கல்லில் அவள் பெயருக்குக் கீழேயும் வெறும் மண்தான் இருக்கும்.

எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்றேனும் அவர்களில் ஒருவர் இந்த இரண்டு கற்களையும் பார்த்துவிட்டு, ஏன் இப்படி என்று கேட்கக்கூடும். அவர்களுக்குப் படித்துச் சொல்லும் ஒருவர் கிடைக்கும் வரை, இந்த விவரத்தை எங்கேனும் பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.